விண்ணரசி இருந்த முகவரி

ஐப்பசிப் புயலில் ஆளோடு போய்விட்ட விண்ணரசி என்ற விசைப்படகு, அந்த வருடம் கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில், கொடிமுனை விசைப்படகுச் சங்கத்தின் மாடி அறையில் இருந்த கணினித் திரையில் மறுபடியும் தென்பட்டது. துறைக்குத் தென்கிழக்கே, எங்கள் ஆட்கள் வழக்கமாக வலை இறக்கும் இடத்தில், ஒரு பச்சைப் புள்ளியாக, ஒன்றும் நடக்காதது போல அது நின்றுகொண்டிருந்தது. புயல் அடித்த அன்று அலுவலகத்து ஓடுகள் பறந்து, பழைய திரை மழையில் நனைந்து கெட்டுப்போயிருந்தது. புதுத் திரை வாங்கி மாட்டிய அன்றுதான் அதைப் பார்க்க முடிந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் அலமாரிக்குள் இருந்த சர்வர், சூரிய மின்தகட்டின் பேட்டரியில், புயலின்போதும் புயலுக்குப் பிறகும் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவள் டெல்பின். விண்ணரசியை ஓட்டிப்போனவர் மிக்கேல் பர்னாந்து; அதில் சமையலும் வலை வேலையும் பார்த்த ரொமால்ட், டெல்பினின் கணவன். புள்ளியைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, கீழே போய்ச் சங்கத் தலைவர் தொம்மையைக் கூட்டி வந்தாள்.

எங்கள் கரையில் ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. படகு எங்கே நிற்கிறது என்று அது செயற்கைக்கோள் வழியாகத் தலைமை நிலையத்து இயந்திரத்துக்குச் சொல்லும். ஒவ்வொரு துறையிலும் உள்ள சர்வர் அந்த இயந்திரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கரையிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்கும் இரண்டு வரிச் செய்தி அனுப்பலாம். புயலில் தலைமை நிலையத்துக்குள் கடல் புகுந்து இயந்திரம் செத்துப்போனது. வேறொரு ஊரில் புதிய இயந்திரம் வைத்து, பழைய பெயரையே அதற்கும் சூட்டிவிட்டார்கள்.

"பேரு அதேதான் அண்ணாச்சி," என்றாள் டெல்பின். "அந்தப் பேருக்கு உள்ள முகவரிதான் மாறிட்டு. மத்த துறையில எல்லாம் சர்வர் அப்பப்ப கேட்டுக்கிடும், இந்தப் பேருக்கு இப்ப எது முகவரின்னு. நம்மது, தொடங்குன அன்னைக்கு ஒரு தடவ கேட்டுச்சு. கேட்டத மனசுல வச்சுக்கிட்டு. பொறவு கேக்கவே இல்ல. புரோகிராம் எழுதுனவுக அப்பிடி எழுதிட்டாக. நிறுத்தித் தொடங்குனாத்தான் திரும்பக் கேக்கும்."

"அப்ப இப்ப அது யாருகிட்டப் பேசுது?"

"பழைய முகவரியில உள்ள மெஷின்கிட்ட."

"அந்த மெஷின் எங்க கெடக்கு?"

"காயலான் கடைக்குப் போட்டுட்டாகளாம். உடைச்சு எடுத்துட்டாகன்னு சொல்லுதாக."

தொம்மை திரையைப் பார்த்தார். "பதில் வருதே."

"வருது அண்ணாச்சி."

நிறுத்தித் தொடங்கிவிடச் சொல்லித் தலைமை நிலையத்திலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவளும் அதற்குத்தான் கையை வைத்தாள். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. *ஐஸ் கெடக்கு. இன்னும் ரெண்டு தடவ வல போட்டுட்டு வாரோம். கரையில என்ன விசேஷம்.*

டெல்பின் கையை எடுத்துவிட்டு, *ஒரு விசேஷமும் இல்ல. சாப்பிட்டாச்சா,* என்று அடித்தாள். கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. *நெத்திலிக் குழம்பு. உப்பு கூடிட்டு. ரொமால்ட் வச்சது.* தொம்மை முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று யாரும் சர்வரை நிறுத்தவில்லை. மறுநாளும் நிறுத்தவில்லை. அப்படித்தான் அது எங்கள் ஊரில் நிலைத்தது.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் குழாயடிக்குப் போவது போல விண்ணரசிக்காரப் பெண்கள் சங்கத்து மாடிக்குப் போனார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதையும், கூரைக்குத் தகரம் போட்டதையும், பக்கத்து வீட்டுக்காரி வழியை அடைத்ததையும் டெல்பினிடம் சொல்லி, அவள் இரண்டு வரியாகச் சுருக்கி அனுப்ப, அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலை அவள் வாயால் கேட்டுக்கொண்டு, திருப்தியாகவோ கோபமாகவோ இறங்கிப் போனார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவள் புருஷனைக் கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னாள்; *நல்ல எடம்னா பேசி முடி, நான் வந்துருவேன்,* என்று அவன் சொன்னான், அவன் வராமலே கல்யாணம் நடந்தது, எப்படி நடந்தது என்று அவனுக்குச் சொன்னார்கள். மிக்கேலின் மனைவி பிரகாசி தாலியைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பங்குச் சாமியார் இறந்தவர்களுக்கான பூசையை நிறுத்திவைத்தார். நன்றிப் பூசை வைக்கவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பயணம் போயிருப்பவர்களுக்காக மன்றாடும் இடத்தில் அவர்கள் பெயர்களைச் சேர்த்து வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குச் சீக்கிரம் போய்விடுவார்.

படகில் இருந்தவர்களுக்குப் புயல் தெரியாது. அவர்கள் கடலில் எப்போதும் அதற்கு முந்திய நாள்தான் இருந்தது. காற்றில்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது, மீன் பரவாயில்லை, நாளைக்கோ மறுநாளோ வருவோம். கரையில் என்ன விசேஷம் என்று மட்டும் விடாமல் கேட்டார்கள். கோயில் கோபுரத்தில் பாதி விழுந்ததையும், அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு உடைந்து துறை மண்மூடியதையும் சொல்ல வேண்டாம் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். இதனால் நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொய் சொல்லி, யார் என்ன சொன்னார் என்பதை ஒருவரிடம் ஒருவர் விசாரித்து, ஒரு பொய்க்கு மற்றொரு பொய்யை ஒட்டவைத்து, கடைசியில் விண்ணரசிக்காரர்களுக்காகவே ஒரு முழுக் கொடிமுனையைக் கட்டி வைத்திருந்தோம். அதில் கோபுரம் நின்றது. இறந்துபோன கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

அவர்களைத் திரும்பி வரச் சொன்னதும் உண்டு. அது முதல் மாதத்தில். பிரகாசிதான் சொன்னாள். "இவ்வளவு பேசுதாக, வரச் சொன்னா வர மாட்டாகளா?" மீன் போதும், உடனே கரைக்கு வாருங்கள் என்று டெல்பின் அனுப்பினாள். சரி என்று பதில் வந்தது. புள்ளி நகர ஆரம்பித்தது.

அன்று ஊரே துறைக்குப் போனது. பெண்கள் தலை சீவிப் பூ வைத்திருந்தார்கள். யாரோ சோறு ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். மாடியில் டெல்பின் திரையைப் பார்த்து, சன்னல் வழியாக, கலங்கரை விளக்கத்தைத் தாண்டிவிட்டது, முகத்துவாரத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் முகத்துவாரத்தைப் பார்த்தோம். மத்தியான வெயிலில் தண்ணீர் வெறுமையாக மின்னியது. ஒரு கொக்கு நின்றது. புள்ளி துறையைத் தொட்டு நின்றபோது மணலில் நின்ற எல்லோருக்கும் டீசல் வாடை வந்ததாகச் சிலர் பின்னால் சொன்னார்கள், எனக்கு வரவில்லை.

டெல்பின் சன்னலுக்கு வரவில்லை. ஆள் போய்ப் பார்த்தபோது அவள் திரையில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். *கரைக்கு வந்துட்டோம். ஒருத்தரையும் காணோம். எல்லாரும் எங்க போயிட்டிய.*

நாங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். பொழுது சாயும்வரை நின்றோம். *வூடு வூடாப் பாத்துட்டோம், கதவு தெறந்து கெடக்கு, அடுப்புல தீ எரியுது, ஆளு இல்ல,* என்று வந்தது. *பிரகாசி,* என்று ஒரு செய்தி, பெயர் மட்டும். பிறகு ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் புள்ளி பழையபடி தென்கிழக்கில் நின்றது. ஐஸ் இருக்கிறது, கரையில் என்ன விசேஷம் என்று கேட்டது. கரைக்கு வந்தது அவர்களுக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு யாரும் அவர்களைத் திரும்பி வரச் சொல்லவில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தத் திரையில் தெரிந்தது புயலுக்கு முந்திய நாளின் கடல் மட்டும். புயலுக்குத் தப்பி வந்த படகுகளும் அதில் அன்று நின்ற இடத்திலேயே நின்றன. புதிதாக இறக்கிய படகுகள் அதில் இல்லவே இல்லை. இன்றைக்குக் கடலில் இருப்பவர்களின் பெட்டிகள் புதிய இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தன. அதைக் கேட்க எங்கள் துறையில் காது இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் படகுகள் எல்லாம் கரையேறி வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது விண்ணரசி மட்டும் கடலில் நின்றது. தடை முடிந்து படகுகள் போனபோது, போன் சிக்னல் எட்டுகிற தூரம்வரை பேசினார்கள், அதற்கு மேல் வயர்லெஸ் எட்டுகிற தூரம்வரை பேசினார்கள், அதற்கும் மேல் என்ன ஆனார்கள் என்பது திரும்பி வந்தால்தான் தெரிந்தது.

இன்னொரு கணினி வைக்கலாமே என்று டெல்பின் முயன்றாள். ஆனால் துறைக்கு, ஒரு கணினியை மட்டும் உள்ளே விடும் ஒரு அனுமதிச் சாவிதான் கொடுத்திருந்தார்கள். அவள் வேறொரு கணினியில் அந்தச் சாவியைப் போட்டுத் தொடங்கியதும் சர்வரின் திரையில் விண்ணரசி மங்க ஆரம்பித்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டாள். பழைய முகவரியை இன்னொரு கணினியில் தன் கையால் அடித்துப் பார்த்தாள். அதில் வெறும் மௌனம். அன்றைக்குக் கேட்டு இன்றுவரை மறக்காமல் வைத்திருந்த அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான் அங்கிருந்து பதில் வந்தது.

கபிரியேல் என்ற புதுப் படகில் போய்க்கொண்டிருந்தவன் அமலதாஸ். அவன் மனைவி ஆக்னெஸ் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்பவள். ஒருநாள் அவள் கூடையை வாசலில் வைத்துவிட்டு மாடிக்கு வந்து, வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"போனவுகளுக்குப் பேசுத மெஷினு இருக்கவுகளுக்குப் பேச மாட்டேங்குதே."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொஞ்ச நாள் பொறுக்கா," என்றாள் டெல்பின், "ஒரு வழி பண்ணுதேன்." ஆக்னெஸ் தலையாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். டெல்பின் வழி தேடவில்லை என்றில்லை, தேடினாள். ஆனால் சாயங்காலங்களில் எல்லோரும் போன பிறகு அவள் ரொமால்டோடு பேச உட்கார்வாள். குழம்பில் புளியை எப்போது ஊற்றினாய் என்று கேட்பாள். அவன் சொல்லுவான். நீ என்ன செய்கிறாய் என்று அவன் கேட்பான். மாடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். வழி அப்படியே தள்ளிப்போனது.

அடுத்த கார்த்திகை பிறந்ததும் கடலில் ஒரு புயல் உருவானது. வடக்கே போகும் என்றார்கள், எங்கள் படகுகள் போயின. எல்லாமே வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன; கபிரியேல் அவற்றுக்கும் அப்பால் போயிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மாவட்டத்திலிருந்து போன் வந்தது: புயல் திரும்பிவிட்டது, படகுகளைக் கரைக்குக் கூப்பிடுங்கள். மற்றத் துறைகள் கூப்பிட்டுவிட்டன. எங்கள் படகுகளை எங்கள் துறைதான் கூப்பிட முடியும், ஏற்பாடு அப்படி.

செய்தி பரவி மாடிப்படி நிறைந்துவிட்டது. மேலே விண்ணரசிக்காரப் பெண்கள் நின்றார்கள். படியில் கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். பிரகாசி சர்வர் இருந்த அலமாரிக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"இத நிறுத்துனா அவுக செத்துருவாக," என்றாள்.

"அத்த," என்று படியிலிருந்து ஒருத்தி அழுதாள், "எங்க ஆளுக இன்னும் சாவல அத்த."

தொம்மை நெற்றியைத் தேய்த்தார். "டெல்பின், நீ சொல்லும்மா. நீ சொல்லுதபடி செய்வோம்."

அவர் அந்தப் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். டெல்பின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். "கொஞ்சம் பொறுங்க," என்றாள். வேறு வழி இருக்கிறதா என்று தலைமை நிலையத்துக்குப் போன் செய்தாள். நிறுத்தித் தொடங்குங்கள் என்றார்கள். பக்கத்துத் துறைக்குப் போன் செய்தாள். அவர்களால் முடியாது என்றார்கள். மறுபடியும், "கொஞ்சம் பொறுங்க," என்றாள். சன்னலுக்கு வெளியே வானம் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அலுவலகக் கதவு காற்றில் தானாக அடித்துக்கொண்டது. ஆக்னெஸ் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி, டெல்பினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியான மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கடைசியில் பிரகாசிதான் பேசினாள். "அவருகிட்ட ஒண்ணு கேளு. அங்க காத்து எப்பிடி இருக்குன்னு."

டெல்பின் கேட்டாள். பதில் வந்தது. *காத்தே இல்ல. கடலு எண்ண மாதிரிக் கெடக்கு. ஏன்.*

டெல்பின் அதை வாசித்தாள். பிரகாசி, "அவுகளுக்குக் காத்தே இல்லியாம்டி," என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, அலமாரிக் கதவை விட்டு விலகிச் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மற்றப் பெண்கள் எதுவும் அனுப்பச் சொல்லவில்லை. எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது, சொல்ல ஆரம்பித்தால் முடியாது என்பதும் தெரிந்திருந்தது. டெல்பின் மட்டும் அடித்தாள். *ரொமால்ட், மெஷின நிறுத்தப் போறோம். ரிப்பேரு.*

*சரி,* என்று வந்தது. *வந்து பேசிக்கிடலாம்.*

அவள் நிறுத்தினாள். விசிறியின் இரைச்சல் அடங்கியபோதுதான் அவ்வளவு நாளும் அந்த அறையில் ஓர் இரைச்சல் இருந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது. மறுபடி தொடங்கினாள். அது விழித்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு இப்போது எது முகவரி என்று கேட்டது. புதிய முகவரியை யாரோ சொன்னார்கள். அது அங்கே போய் நின்றது. கறுத்த திரையில் இன்றைய கடல் வந்தது. எங்கள் படகுகள் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளிகளாக எழுந்தன. தென்கிழக்கில் விண்ணரசி நின்ற இடத்தில் ஒன்றுமில்லை.

திரும்பி வாருங்கள் என்ற செய்தி எல்லாப் படகுக்கும் போனது. ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியாகக் கபிரியேலிலிருந்து, *திரும்பிட்டோம்,* என்று வந்தது. ஆக்னெஸ் மேலே வந்து திரையருகில் நின்றாள். மற்றப் புள்ளிகள் துறையை நெருங்க நெருங்க, அந்த ஒன்று மட்டும் வெகு தொலைவில், நகர்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. மழை வந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கு அந்தப் புள்ளி சாம்பல் நிறமானது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

மற்ற எல்லாப் படகும் வந்து சேர்ந்தன. கபிரியேல் வரவில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கும் என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வாரத்தில் டெல்பின் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சர்வரின் நிரலைத் திறந்து, எந்த முகவரியையும் அதற்குக் கொடுத்த ஆயுளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆயுள் முடிந்ததும் மறுபடி கேட்க வேண்டும், வந்த பதில் எதுவானாலும் பழையதை விட்டுவிட வேண்டும் என்று மாற்றி எழுதினாள். தலைமை நிலையத்து இயந்திரம் இனி எங்கே போனாலும் எங்கள் சர்வர் பின்னாலேயே போகும். பங்குச் சாமியார் இரண்டு படகுக்கும் சேர்த்து இறந்தவர்களுக்கான பூசை வைத்தார். பிரகாசி அன்று வெறும் கழுத்தோடு வந்திருந்தாள். ஆக்னெஸ் வரவில்லை.

அவள் மாடிக்குத்தான் வந்தாள், பூசை முடிந்து சில நாள் கழித்து, காலையில். டெல்பின் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். ஆக்னெஸ் உட்காரவில்லை.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல," என்றாள். "அவுக அன்னைக்குத் திரும்பிட்டோம்னு சொன்னாகள்ல. அந்த எடத்துல நிறுத்திவைக்க முடியாதா. வர வேண்டாம். அங்கனயே நின்னு அத மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கட்டும்."

"முடியாதுக்கா."

"முன்ன நின்னுச்சே."

"மாத்தி எழுதிட்டேன். இனி அது எதையும் பிடிச்சு வைக்காது."

"எப்ப எழுதுன?"

"புயலுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம."

ஆக்னெஸ் குரலை உயர்த்தாமல், "உனக்கு ஒரு வருசம் கெடச்சுது டெல்பின்," என்றாள்.

டெல்பின் அழவில்லை. அழ உரிமை இல்லை என்று நினைத்திருக்கலாம். திரையில் அன்றைய கடல் இருந்தது, அன்றைய படகுகள் இருந்தன. கடைசியில் ஆக்னெஸ் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்கனதான?"

"அங்கனதான்."

"பக்கத்துல போறது யாரு படகு?"

டெல்பின் சொன்னாள். தொம்மையின் தம்பி படகு.

"அந்த எடம் வரும்போது இஞ்சின நிறுத்தச் சொல்லு. ஒரு செபம் சொல்லுத நேரம் போதும்."

டெல்பின் அடித்து அனுப்பினாள். வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு, *சரி, நிறுத்துதோம்,* என்று வந்தது. அந்தப் புள்ளி மெதுவாக ஆக்னெஸின் விரலுக்கு அடியில் வந்து நின்றது. மாடியில் இருந்த இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஒருத்தியின் உதடுகள் அசைந்தன. பிறகு புள்ளி நகர்ந்து போனது. ஆக்னெஸ் விரலை எடுத்தாள்.